கான்சாகிபும் சிப்பாயின் மனமும்

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி வானத்தை நம்பி வாழும் பூமியில் உள்ள ஊர். சுற்றிலும் கரிசல் காடு. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியுமே கதி. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்துவிட்டால், வீட்டில் உள்ள வாலிபப் பிள்ளைகளில் ஒருவன் வெளியேறித்தான் ஆகவேண்டும். அவன் தறிக்குப் போகலாம், கடல் கடந்து போகலாம், பட்டாளத்துக்கும் போகலாம். ஆள்சேர்ப்பு முகாமை எண்ணிக்கொண்டு அதிகாலையில் ஓடிப் பழகும் வாலிபர்களை இந்தப் பக்கத்துச் சாலைகளில் இன்றும் காணலாம்.

இவர்களைப் பட்டாளத்துக்கு இழுப்பது எது, சேர்ந்த பின்னர் அங்கே நிறுத்தி வைப்பது எது என்ற கேள்வியை நம்மவர்கள் போதிய அளவு ஆராய்ந்ததில்லை. பசி இழுக்கிறது, சம்பளம் நிறுத்துகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த விடை பாதிதான் சரி. மற்றப் பாதியை விளக்குவதற்கு, இராமநாதபுரச் சீமையில் பிறந்து, ஒரு சிப்பாயாகத் தொடங்கி, மதுரைச் சீமை முழுவதையும் ஆண்டு, தூக்குமரத்தில் முடிந்த ஒருவருடைய சரித்திரத்தை இங்கே எடுத்துக் கூற விரும்புகிறோம். நமது பாட்டன்மார் கும்மந்தான் கான்சாகிபு என்று அழைத்த முகம்மது யூசுப்கானே அவர்.

பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது பொருள். பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி ஏற்பட்டபோது, நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பதும், மதுரைக் கோட்டையின் ஒவ்வொரு கொத்தளமும் ஒரு பாளையக்காரரின் காவலில் விடப்பட்டது என்பதும் வழிவழி வந்த செய்தி. அந்த ஏற்பாட்டில் போர்வீரன் என்பவன் தனியான ஒரு தொழிலாளி அல்லன். அவன் உழுதுகொண்டிருந்தான், காவல் காத்தான், தலைவன் அழைத்தபோது வேலும் வாளும் எடுத்தான். அவனுக்குக் கூலி நிலம். அவனுடைய தலைவன் அவன் ஊரான், பெரும்பாலும் அவன் உறவினன். அவன் பின்வாங்கினால் அந்தச் சேதி அவன் வீடு போய்ச் சேருவதற்கு முன்னரே ஊர் முழுவதும் பரவிவிடும். ஆகவே அவனைப் போர்க்களத்தில் நிறுத்தி வைப்பதற்குத் தனியான ஒரு தந்திரம் தேவைப்படவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியார் இந்நாட்டில் படை திரட்டத் தொடங்கியபோது அவர்களிடம் கொடுப்பதற்கு நிலம் இல்லை, உறவும் இல்லை, நம் பாஷைகூட இல்லை. ஆயினும் சில நூறு வெள்ளையரை வைத்துக்கொண்டு பல்லாயிரம் சிப்பாய்களைச் சேர்த்து, அந்தச் சிப்பாய்களைக் கொண்டே இந்நாட்டைப் பிடித்தார்கள். இது எவ்வாறு கூடிற்று என்பதற்குக் கான்சாகிபின் வாழ்க்கையே விடை.

அவர் சுமார் 1725ஆம் வருஷத்தில் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தார் என்பது மரபு. வேளாளர் குலத்தில் பிறந்து மருதநாயகம் என்ற பெயரில் வளர்ந்தார் என்றும், பின்னர் இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவினார் என்றும் சொல்லுகிறார்கள். இளமையிலேயே அடங்காத சுபாவம். வீட்டை விட்டு ஓடிப் புதுச்சேரியை அடைந்து, ஐரோப்பியரிடம் வேலை செய்து, அவர்கள் பாஷைகளையும் பழக்கங்களையும் கற்றுக்கொண்டார். பிறகு தஞ்சையிலும் நெல்லூரிலும் சிப்பாய் வாழ்க்கை நடத்தினார்.

இங்கே முதலாவது விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பட்டாளத்துக்குப் போகிறவன் எல்லாச் சமயத்திலும் பசியினால் மாத்திரம் போவதில்லை. பிறந்த ஊரில் தனக்கென்று விதிக்கப்பட்ட இடம் சிறிதென்று எண்ணுகிறவன், அதைவிடப் பெரிய இடம் வேறெங்காவது இருக்கும் என்று நம்பிப் போகிறான். ஊரில் அவன் இன்னாருடைய மகன், இன்ன தெருவான். பட்டாளத்தில் அவனே அவன். இந்த ஆசை வறண்ட பூமியில் பிறந்த பிள்ளைகளுக்கு அதிகம் என்பது நமது அபிப்பிராயம். மழையும் மண்ணும் கைவிட்ட இடத்தில் மனிதன் தன் கையையே நம்பப் பழகுகிறான்.

1752ஆம் வருஷத்தை ஒட்டி அவர் கிளைவின் சேனையில் சேர்ந்தார். தனி ஆளாகச் சேரவில்லை. தாமே திரட்டிய ஒரு கூட்டம் சிப்பாய்களுடன் சேர்ந்தார். அக்காலத்தில் கும்பினியார் ஆள் சேர்த்த முறை அதுவே. சுபேதார் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆட்களைத் திரட்டி வருவார். அவர்களுடைய நல்லது கெட்டதற்கு அவரே பொறுப்பு. சிப்பாய்க்குக் கும்பினி என்பது கண் காணாத தெய்வம். சுபேதார் கண் கண்ட மனிதர். சிப்பாய் தன் நம்பிக்கையைச் சுபேதாரிடம் வைத்தான். சுபேதார் கும்பினியிடம் வைத்தார். இந்த இரண்டு கண்ணிகளும் அறுபடாமல் இருக்கும்வரை சங்கிலி தாங்கிற்று.

நாட்டு அரசர்களின் படைகளில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்பது அக்காலத்தில் சகஜம். பாக்கிக்காகச் சிப்பாய்கள் தளபதியின் கூடாரத்தை வளைத்துக்கொண்டு உட்காருவதும் சகஜம். கும்பினியாரோ குறித்த காலத்தில் காசு கொடுப்பதையே தங்கள் பலமாக்கிக்கொள்ள முயன்றார்கள். அவர்கள் கொடுத்த தொகை பெரிதென்று சொல்லுவதற்கில்லை. ஆனால் வரும் என்று எண்ணிய நாளில் வந்து சேரும் சிறு தொகை, என்று வரும் என்று தெரியாத பெருந்தொகையைவிட மனிதனை உறுதியாகக் கட்டுகிறது. மழையை எதிர்பார்த்து ஏமாந்து பழகியவனுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

திருச்சிராப்பள்ளியைச் சுற்றி 1752 முதல் 1754 வரையில் நடந்த யுத்தத்தில் யூசுப்கானின் பெயர் ஓங்கிற்று. ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதியின் கீழ் ஆங்கிலச் சேனை அங்கே இருந்தது. எதிரே பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் நின்றார்கள். சேனைக்கு வேண்டிய உணவு தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தாகவேண்டும். அந்த வண்டிகளைக் காத்துக் கொணரும் பொறுப்பு யூசுப்கானிடம் விடப்பட்டது. நாட்டின் சந்து பொந்துகள் யாவும் அவருக்குப் பாடம். இன்று ஒரு வழி, நாளை வேறு வழி. இன்று நடுநிசி, நாளை விடியற்காலை என்று மாற்றி மாற்றி நடத்தினார். மூன்று மாத காலம் ஒரு வண்டிக் கூட்டமும் எதிரி கையில் சிக்கவில்லை என்று அந்த யுத்தத்தின் சரித்திரத்தை எழுதிய ஓர்ம் வியந்து குறிப்பிடுகிறார்.

அந்தச் சமயத்தில் அவருக்குப் பெரும் ஆபத்து நேர்ந்தது. அவர் மைசூராருடன் இரகசியமாகச் சேர்ந்து சதி செய்கிறார் என்று காட்டும் கடிதம் ஒன்று அகப்பட்டது. வேறொரு தளபதியாயிருந்தால், கறுப்பு மனிதன்மேல் விழுந்த சந்தேகத்தை விசாரிக்காமலே தண்டனையாக்கியிருக்கக் கூடும். இங்கே விசாரணை நடந்தது. கடிதம் பொய்க் கடிதம் என்று தெரிந்தது. அதற்குக் காரணமாயிருந்தவன் லாரன்ஸுக்கு மொழிபெயர்ப்பாளனாயிருந்த பொன்னியப்பன் என்று முடிவாகி, அவன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். அந்தத் தண்டனையின் கொடுமையை நாம் மெச்சவில்லை. ஆனால் அவதூறுக்கு ஆளான ஒரு சேவகனுக்காக எஜமானன் உண்மையைத் தேடினான் என்ற ஒரு செய்தி, பத்து வருஷச் சம்பளம் செய்யாத வேலையைச் செய்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

1754இல் அவர் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். பொற்பதக்கமும் அளிக்கப்பட்டது. கமாண்டன்ட் என்ற அந்தப் பதவியின் பெயரே நம் ஜனங்கள் வாயில் கும்மந்தான் என்று திரிந்தது. ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளை பெரிய இடம் ஒன்றை அடைந்துவிட்டது. அவர் கீழ் இருந்த ஒவ்வொரு சிப்பாயும் அந்தப் பதக்கத்தில் தன் வருங்காலத்தையும் சிறிது கண்டிருப்பான். மேலே ஏற வழி உண்டு என்று தெரிந்தால் கீழ்ப்படியில் நிற்பவனும் பொறுமையுடன் நிற்கிறான்.

1756இல் அவர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வருஷம் செப்டெம்பரில் மதுரைக் கோட்டை கும்பினியார் வசமாயிற்று. பீரங்கியால் பிடிபடாத அந்தக் கோட்டையை, உள்ளே இருந்தவர்கள் 1,70,000 ரூபாய் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். வெறும் கூலிக்காகக் காத்து நிற்பவன் அதிகக் கூலிக்குக் கதவைத் திறந்துவிடுகிறான் என்ற பாடத்தை யூசுப்கான் அன்று கண்ணாரக் கண்டார். தம்முடைய விஷயத்திலும் அதுவே பலிக்கும் என்று அப்போது நினைத்திருக்க மாட்டார்.

1758 டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டபோது, யூசுப்கான் அங்கே அழைக்கப்பட்டார். முற்றுகையிட்டவர்களை வெளியிலிருந்து அலைக்கழித்து, 1759 பிப்ரவரியில் அவர்கள் விலகிச் செல்லுவதற்குப் பெரிதும் உதவினார். பிறகு மீண்டும் தெற்கே வந்து, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தார். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரை எதிர்த்துப் பல தடவை போர் செய்து, 1761இல் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றினார். இதனை நாம் மறைக்கப் போவதில்லை. அந்நியருக்குத் திறை கொடுக்க மறுத்த தமிழ்ப் பாளையக்காரரை, அந்நியர் கொடுத்த துப்பாக்கியைக்கொண்டு அடக்கியவர் இன்னொரு தமிழரே. இரு தரப்பிலும் போர்க்களத்தில் விழுந்தவர்கள் பெரும்பாலும் இதே கரிசல் மண்ணின் பிள்ளைகள்.

இப்படிச் செய்த மனிதர் குடிகளுக்கு நல்லவராகவும் இருந்தார் என்பது சரித்திரத்தின் விநோதம். குளங்களையும் கால்வாய்களையும் சீர்செய்தார். நெசவாளரை ஆதரித்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சேரவேண்டிய மானியங்களை மீண்டும் சேரச் செய்தார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கத்தில் கான்சாபுரமும் அவர் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றன. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலாகவும் அவர் ஜனங்கள் வாயில் வாழ்ந்தார். அவர் படை பெருகிற்று. கும்பினியாரின் கவாத்தில் பழகிய சிப்பாய்கள் அவருடைய ஆட்களாகவே ஆனார்கள்.

முறிவு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மூலமாக வந்தது. சீமை தம்முடையது என்றும், யூசுப்கான் தமக்குக் கீழ்ப்பட்ட குத்தகைக்காரரே என்றும் நவாப் வற்புறுத்தினார். யூசுப்கான் வருஷத்துக்கு 7 லட்சம் கொடுப்பதாகச் சொல்லி, நான்கு வருஷக் குத்தகை கேட்டார். மறுக்கப்பட்டது. கும்பினியார் தங்கள் உத்தமமான சேவகரைக் கைவிட்டு, தங்களுக்குக் கடன்பட்டிருந்த நவாபின் பக்கம் சாய்ந்தார்கள். சென்னைக்கு வரும்படி உத்தரவு வந்தது, அவர் போகவில்லை. பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ச்சந்து என்ற பிரெஞ்சுக்காரரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

இவரைத் துரோகி என்று கும்பினியார் எழுதி வைத்தார்கள். பணத்தாசையினால் திரும்பினார் என்று சொல்லுவதற்கு இடமில்லை. முன்னைவிட அதிகப் பணம் கொடுக்கவே அவர் சம்மதித்தார். அவரைத் திருப்பியது மானம். எவர் முன்னிலையில் நிமிர்ந்து நின்றாரோ, அவர் முன்னிலையிலேயே குனிந்து நிற்கும்படி சொல்லப்பட்டது. பொய்க் கடிதத்தை விசாரித்த எஜமானர்களுக்கும், இப்போது விசாரிக்காமலே தம்மை ஒப்புக்கொடுத்த எஜமானர்களுக்கும் உள்ள வேற்றுமையை அவர் உணர்ந்தார். மனிதன் சேவகத்தை விட்டுப் போகும் காரணங்களில் சம்பளக் குறைவைவிட இது வலியது.

1763இன் பிற்பகுதியில் மதுரை முற்றுகையிடப்பட்டது. மழைக்காலம் வந்தபோது மான்சன் என்ற தளபதி முற்றுகையை விட்டு விலகினார். மறு வருஷம் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தார்கள். 1764 ஜூன் 26ஆம் தேதி கோட்டைமேல் பெருந்தாக்குதல் நடந்தது. கோட்டைச் சிப்பாய்கள் அதனை முறியடித்தார்கள். பிரெஸ்டன் என்ற மேஜர் அதில் பட்ட காயத்தால் மாண்டார். முந்தி எந்தக் கும்பினிக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தார்களோ, அதே கும்பினியை எதிர்த்து அந்தச் சிப்பாய்கள் அவ்வளவு உறுதியாகப் போராடியதற்குக் காரணம் என்ன? அவர்கள் கும்பினிக்காக என்றுமே போராடவில்லை. தங்களுடன் நடந்து, தங்களுடன் பசித்து, தங்களுக்கு வெற்றி தேடித் தந்த ஒரு மனிதருக்காகவும், பக்கத்தில் நிற்கும் தோழனுக்காகவுமே போராடினார்கள்.

போரில் விழாத கோட்டை பட்டினியில் தளர்ந்தது. வெளியிலிருந்து தானியம் வரும் வழிகள் அடைபட்டன. பிரெஞ்சு உதவி வரவில்லை. ஒவ்வொருவராகச் சிப்பாய்கள் நழுவத் தொடங்கினார்கள். யூசுப்கானோ நாளுக்கு நாள் கடுமையானவராக மாறினார். கோபத்தில் மார்ச்சந்தைச் சாட்டையால் அடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. தமக்கு இழைக்கப்பட்ட அவமானம் எத்தகைய பலனைத் தந்தது என்பதை அறிந்த ஒருவர், அதையே தம் கீழ் இருந்தவர்களுக்குச் செய்தார். அவமானம் அடைந்த மனமும் நம்பிக்கை இழந்த மனமும் ஒன்று சேர்ந்தன. அக்டோபர் 13ஆம் தேதி, அவர் தொழுகையில் இருந்த சமயம் பார்த்து, திவான் சீனிவாசராவ், வைத்தியராயிருந்த பாபாசாகிபு, மார்ச்சந்து ஆகியோர் அவரைப் பிடித்துக் கட்டினார்கள். மறுநாள் கோட்டையும் அவரும் எதிரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டனர். 15ஆம் தேதி மாலை நவாபின் கட்டளைப்படி மதுரைக்கு மேற்கே தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது கர்ணபரம்பரை. சம்மட்டிபுரத்தில் உள்ள அவர் சமாதி இன்றும் வணங்கப்படுகிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் பெறுவது என்ன? ஆளை உள்ளே அழைத்து வருவது ஒரு சக்தி. உள்ளே நிறுத்தி வைப்பது வேறொரு சக்தி. வறுமையும், ஊரை விட்டுப் பெரியவனாகும் ஆசையும் அழைத்து வருகின்றன. தவறாத சம்பளம் சில காலம் நிறுத்துகிறது. நெடுங்காலம் நிறுத்துபவை நியாயமான விசாரணை, மேலே ஏறும் வழி, கண் கண்ட தலைவனிடம் நம்பிக்கை, தோழமை என்னும் நான்கே. இவற்றுள் ஒன்று முறிந்தால் மற்றவை சிறிது காலம் தாங்கும். மானம் முறிந்தால் ஒன்றும் தாங்காது.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளரும் பின்னாளில் இதையே கண்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் தோல்வி நிச்சயமான பின்னரும் ஜெர்மன் சிப்பாய்கள் ஏன் தொடர்ந்து போரிட்டார்கள் என்பதை ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார்கள். பெரிய கொள்கைகளைவிட, தன்னுடன் உண்டு உறங்கிய சிறு கூட்டத்தின் பந்தமே பெரும்பாலோரைத் தாங்கிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கூட்டம் சிதறிய இடத்தில் சிப்பாயும் சிதறினான்.

நம் நாட்டிலேயே வேறு சான்றுகள் உண்டு. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூரில் சிப்பாய்கள் எழுந்தது கூலிக்காக அல்ல. புதுத் தலைப்பாகையைக் கட்டு, நெற்றிக் குறியை அழி, தாடியை மழி என்று கட்டளை பிறந்தபோது எழுந்தார்கள். அதற்கு மாறாக, 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கொடுப்பதற்கு அவரிடம் செல்வம் இல்லை. அதுவரை கூலி என்று அழைக்கப்பட்டவனை நாட்டின் வீரன் என்று அழைத்தார். பெண்களுக்கும் ஜான்சிராணிப் படையில் இடம் அளித்தார். அந்த ஒரு மரியாதை எத்தனையோ மூட்டை ரூபாய்க்குச் சமானமாயிற்று.

1947க்குப் பின்னர் நமது இராணுவம் நம்முடையது. 1758இல் கும்பினியார் அமைத்த பட்டாளங்களிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் மதராஸ் ரெஜிமெண்டு, சுதந்திர இந்தியாவின் படையாக நீலகிரி வெலிங்டனில் தன் தலைமையகத்தை வைத்திருக்கிறது. எஜமானன் மாறினான், சிப்பாயின் மனம் மாறவில்லை. 2022 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். அதன்படி வாலிபர்கள் நான்கு வருஷத்துக்குச் சேர்க்கப்படுகிறார்கள். அக்காலம் முடிந்ததும் அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார்கள். ஏனையோர் ஒரு தொகையுடன் வீடு திரும்பவேண்டும். இளமையான படையும் குறைந்த ஓய்வூதியச் செலவும் இதன் நோக்கங்கள் என்று கூறப்படுகின்றன. அந்த நோக்கங்கள் அற்பமானவை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் நால்வரில் மூவர் திரும்பியாக வேண்டும் என்று முதல் நாளே அறிந்த கூட்டத்தில், தோழன் தோழனாகவே இருப்பானா, போட்டியாளன் ஆகிவிடுவானா என்பதைக் கணக்குப் புஸ்தகம் சொல்லாது. மேலே ஏறும் வழி குறுகிய இடத்தில் கீழ்ப்படியில் நிற்பவனின் பொறுமை எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் அது சொல்லாது.

பாளையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போகும்போது, அவன் வீட்டார் சர்க்காரிடம் ஒரு மகனைக் கொடுக்கிறார்கள். நான்கு வருஷ உழைப்பை மாத்திரம் அல்ல. அவன் திரும்பி வரும் நாளில் ஊர் அவனை எப்படிப் பார்க்கும் என்ற எண்ணம் போகும் நாளிலேயே அவன் மனத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற அவன் கைக்கு வேலையும், அவன் செய்த சேவைக்கு மரியாதையும் காத்திருக்கும்படி செய்வது சர்க்காரின் கடமை. அதனைச் சட்டமாகவே செய்யவேண்டும் என்பது நமது கோரிக்கை. வாக்குறுதி என்ற அளவில் அது நின்றுவிடக் கூடாது.

கும்பினியாரிடம் கோட்டைகள் இருந்தன, பீரங்கிகள் இருந்தன, காசும் இருந்தது. தங்கள் தலைசிறந்த சேவகர் ஒருவரை அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. யூசுப்கானிடம் வீரம் இருந்தது, அறிவு இருந்தது, குடிகளின் அன்பும் இருந்தது. கடைசி நாளில் தம்மைச் சுற்றி நின்ற சிலரை அவராலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. படை நடத்துகிறவர்களும் நாட்டை நடத்துகிறவர்களும் இந்த இரண்டு தோல்விகளையும் சேர்த்தே படிப்பார்களாக.